உப்பு தாராளமாக உள்ளது

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குப் போகும் வழியில், மூன்றாம் எண் மளிகைக் கடையின் வாசலில் ஸவேலி குஸ்மிச் ஒரு வரிசையைப் பார்த்தார். ஒசினோவ்ஸ்க் நகரில் வரிசையைப் பார்த்து யாரும் வியப்பதில்லை. முதலில் அதன் வாலில் போய் நின்றுவிட வேண்டும். என்ன விற்கிறார்கள் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஸவேலியும் நின்றார். நின்றுவிட்டுக் கேட்டார்.

"உப்பு," என்றாள் முன்னால் நின்ற பெண். இரண்டு கைகளிலும் காலிப் பைகள் வைத்திருந்தாள்.

"உப்புக்கா இவ்வளவு கூட்டம்?"

"தீந்து போகுதாமே. பேப்பர்லயே போட்டிருக்காங்க."

"உப்பு தாராளமா இருக்குன்னுதானே போட்டிருக்கு?"

அவள் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அதைத்தானே நானும் சொல்றேன்," என்றாள்.

ஸவேலிக்கு விளங்கவில்லை. அந்தச் செய்தியை எழுதியவர் அவரே. அதைவிட முக்கியம், அந்தச் செய்தி உண்மை.

'செம்பாதை' எங்கள் மாவட்டக் கட்சிக் குழுவின் செய்தித்தாள். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் வரும். நான்கு பக்கம். ஸவேலி அதில் துணை ஆசிரியர். திங்கட்கிழமை பிற்பகல் முதல் பக்கத்தில் திடீரென்று நான்கு வரி இடம் காலியானது. டிராக்டர் பழுதுபார்ப்பதில் சாதனை படைத்த ஒரு குழுவைப் பற்றிய குறிப்பு அங்கே இருந்தது. சாதனைக்குரிய அந்த டிராக்டர் மதியம் குளத்தில் இறங்கி மூழ்கிவிட்டதால் குறிப்பை எடுக்க வேண்டியதாயிற்று.

நான்கு வரிதானே, வெள்ளையாக விட்டுவிடலாமே என்று அச்சகம் பார்க்காதவர்கள் கேட்கலாம். எங்கள் எழுத்துகள் ஈயத்தில் வார்த்தவை. வரிவரியாக அடுக்கி, சுற்றிலும் இரும்புச் சட்டம் போட்டு முடுக்குவார்கள். நடுவில் கொஞ்சம் குறைந்தாலும் மற்ற வரிகளுக்குப் பிடிப்புப் போய்விடும். சட்டத்தைத் தூக்கியதும் மொத்தப் பக்கமும் பொலபொலவென்று தரையில் கொட்டும். வெற்றுக் கட்டைகளை வைத்து அடைக்கலாம்தான். ஆனால் கட்சிப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வெள்ளையாக ஓர் இடம் இருந்தால், அங்கே எதை எடுத்தார்கள் என்று ஊரே யோசிக்கும். ஆகவே அதை எழுத்தால்தான் அடைக்க வேண்டும், நல்ல செய்தியால் அடைக்க வேண்டும்.

ஸவேலி செங்கல் சூளைக்கும் பால் பண்ணைக்கும் தொலைபேசியில் பேசிப் பார்த்தார். யாரிடமும் நல்ல செய்தி இல்லை. கடைசியாக நகர மொத்தக் கிடங்கின் நிர்வாகி திகோன் யெகோரிச்சைக் கேட்டார். அவர் சற்று யோசித்துவிட்டு, உப்பு நிறைய இருக்கிறது, வேண்டுமானால் நேரில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஸவேலி போனார். கூரை வரைக்கும் மூட்டைகள். ஒரு மூட்டையின் ஓரத்தைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புதான்.

கண்ணால் கண்டு, நாக்கால் ருசித்து எழுதிய செய்தி அவருடைய பத்திரிகை வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அந்த மகிழ்ச்சியில் அன்றிரவு மனைவி ரிம்மாவிடம் அதைச் சொல்லிச் சொல்லித் தீர்த்தார். ரிம்மாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. செய்தித்தாள் ஊழியர் குடியிருப்பில் அவர்களுக்கு ஒரே ஓர் அறை. நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் மாமியார் கிளாவ்தியா. ஜன்னல் ஓரமாக ஒரு மூலையைத் தொட்டிலுக்கென்று ஒழித்து வைத்திருந்தார்கள்.

செவ்வாய் மதியம் சாப்பிட வந்தபோது அந்த மூலையில் ஒரு மூட்டை உட்கார்ந்திருந்தது.

"அத்தை, இது என்ன?"

"உப்பு," என்றாள் கிளாவ்தியா. பக்கத்தில் இன்னும் இரண்டு மூட்டைக்கு இடம் அளந்துகொண்டிருந்தாள்.

"நான்தானே தாராளமா இருக்குன்னு எழுதினேன்."

"நீங்க எழுதினதைப் பாத்துட்டுத்தான் ஓடினேன் மாப்பிள்ளை. எழுதுறவரை வீட்டுலயே வெச்சுக்கிட்டு, நாம கடைசி ஆளா போய் நின்னா நாலு பேர் சிரிக்க மாட்டாங்க?"

"அத்தை, நானே கிடங்குக்குப் போய்ப் பாத்தேன். கூரை வரைக்கும் இருக்கு."

"இருக்கட்டும். இருந்தா ஏன் எழுதினீங்க?" கிளாவ்தியா முதல் தடவையாக நிமிர்ந்தாள். "ரொட்டி இருக்கு. இருக்குன்னு என்னிக்காவது எழுதியிருக்கீங்களா? தண்ணி இருக்கு, விறகு இருக்கு. எழுதினீங்களா? இருக்கிற சாமானை எவனாவது இருக்குன்னு எழுதுவானா?"

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் ஓட்டை எதுவும் இல்லை.

எங்கள் ஊரில் செய்தித்தாளை அப்படித்தான் படிப்பார்கள். பால் உற்பத்தி பெருகியது என்று வந்தால், மறுநாள் விடியுமுன் தூக்குவாளியோடு கிளம்ப வேண்டும் என்று பொருள். குளிர்காலத்துக்கு வெந்நீர்க் குழாய்கள் முழுத் தயார் என்று வந்தால், பழைய போர்வையை உதறி வெயிலில் போட வேண்டும். இதில் கோபமோ கேலியோ கிடையாது. வானிலை பார்க்கக் கோழியைக் கவனிப்பது போலத்தான். கோழி தவறாமல் ஒரே மாதிரி நடந்துகொண்டால் போதும். அது பொய் சொல்கிறது என்று யாரும் கோபிப்பதில்லை. செம்பாதையும் அத்தனை ஆண்டுகளாகத் தவறாமல் நடந்துகொண்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஸவேலி உண்மையை எழுதி அந்த வழக்கத்தை முறித்தார். ஆனால் முறித்தது ஊருக்குத் தெரியாது.

புதன்கிழமை திகோன் யெகோரிச் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கடைக் கதவின் கீல் போய்விட்டது, விற்பனைப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள், ஜனங்கள் அவரைத் தெருவில் மறிக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்தினார்.

"நாலு வரி போட்டா யார் நம்புவா ஸவேலி குஸ்மிச்?" என்றார். "பெருசா போடுங்க. எத்தனை டன்னுன்னு போடுங்க. என்னை நிக்க வெச்சுப் படம் எடுத்துப் போடுங்க. அப்பத்தான் ஜனங்க அடங்குவாங்க."

அது நியாயமாகவே பட்டது. ஆசிரியர் கபிதலீனா மத்வேயெவ்னா சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமலே கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை முதல் பக்கத்தில் உப்பு மலையும் அதன் அடிவாரத்தில் திகோனும் வெளிவந்தார்கள்.

படத்தில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. திகோனுக்குப் பக்கத்தில் ஒரு சுமைதூக்கி நின்றிருந்தான். கண்ணை மூடிக்கொண்டு, தூங்குபவன் போலப் பதிவாகியிருந்தான். படம் திருத்துபவர் வழக்கப்படி அவனை வெள்ளை மை வைத்து அழித்தார். அறுவடைப் படங்களுக்குச் செய்வது போல மூட்டைகளையும் இரண்டு அடுக்கு உயர்த்தினார். அவசரத்தில் சுமைதூக்கியின் பூட்ஸை மறந்துவிட்டார். திகோனுக்கு அருகே, ஆளில்லாத ஒரு ஜோடி பூட்ஸ் உப்பு மலையைப் பார்த்தபடி நின்றது.

மதியத்துக்குள் ஊர் அதைப் படித்து முடித்தது. உப்பு சுத்தமாகத் தீர்ந்துவிட்டது, அதற்காக ஒருவனை ஏற்கெனவே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், பூட்ஸைப் போட்டுக்கொள்ளக்கூட நேரம் கொடுக்கவில்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து டிராக்டர் வண்டிகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு எப்படித் திரும்புவது என்று தீப்பெட்டியும் சோப்பும் வாங்கினார்கள். உப்பு, தீப்பெட்டி, சோப்பு. எங்கள் ஊரில் இந்த மூன்றையும் ஒரே நாளில் கடைசியாக எப்போது வாங்கினார்கள் என்று வயதானவர்களுக்குத் தெரியும்: போன யுத்தம் தொடங்கிய அன்று. அவர்கள் வீட்டுக்குப் போய் ரொட்டியைத் துண்டு போட்டு அடுப்பில் உலர்த்தத் தொடங்கினார்கள்.

கபிதலீனா மத்வேயெவ்னா ஸவேலியைக் கூப்பிட்டு, இனி உப்பைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது என்றார். எழுத எழுதத்தான் எரிகிறது, எழுதாவிட்டால் தானாக அணையும்.

"ஒரு வார்த்தைன்னா?" என்று ஸவேலி கேட்டார். எதையும் சரியாகச் செய்பவர் அவர்.

"உப்புங்கற வார்த்தையே என் பேப்பர்ல இருக்கக்கூடாது. எந்தப் பக்கத்துலயும்."

சனிக்கிழமை இதழை ஸவேலி பூதக்கண்ணாடி வைத்துச் சலித்தார். நல்ல வேளையாகப் பார்த்தார்; நான்காம் பக்கத்தில் 'இல்லத்தரசிக்கு' என்ற பகுதியில் அந்தப் பாழாய்ப்போன வார்த்தை ஒளிந்திருந்தது. அது இலையுதிர் காலம். வீட்டுக்கு வீடு முட்டைக்கோசை நறுக்கிப் பீப்பாயில் ஊறுகாய் போடும் மாதம். வருடா வருடம் அதே செய்முறையைப் போடுவார்கள். ஸவேலி உப்பை மட்டும் வெட்டினார். "முட்டைக்கோசை மெல்லியதாக நறுக்கி, கேரட் சேர்த்து, சாறு வரும்வரை பிசைந்து பீப்பாயில் அழுத்தவும்" என்று அது சுத்தமாக வந்தது.

உப்பில்லாமல் முட்டைக்கோசு ஊறாது, அழுகும். உப்புதான் அதன் தண்ணீரை வெளியே இழுக்கிறது. அந்தத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால்தான் காற்றுப் படாமல் அது மெல்லப் புளிக்கும். இது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்தச் சனிக்கிழமை ஊரில் ஒருவர்கூட அது தவறு என்று சொல்லவில்லை. இனிமேல் உப்பில்லாமல் எப்படி வாழ்வது என்று செம்பாதை நமக்குச் சொல்லித் தருகிறது என்றார்கள். சிலர் அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினார்கள். மீதிப் பேர் வரிசைக்கு ஓடினார்கள். வரிசை பொதுக் குளியலறையைச் சுற்றி வளைந்து ரயில் நிலையப் பாதை வரை போனது.

வீட்டில் கிளாவ்தியாவின் மூட்டைகள் நான்காகிவிட்டன. தொட்டில் மூலை போய், ஜன்னலும் பாதி மறைந்தது.

"அம்மா, பொறக்கிற குழந்தையைச் சாக்கு மேலயா படுக்க வைக்கிறது?" என்றாள் ரிம்மா.

"சாக்கு மேல படுத்த குழந்தை எழுந்து நடக்கும்டி. உப்பில்லாம வளர்ற குழந்தை சூம்பிப் போகும்," என்ற கிளாவ்தியா ஸவேலியைப் பார்த்தாள். "அடுத்து என்ன தீரப்போகுதுன்னு மட்டும் முந்தின நாளே காதுல போடுங்க மாப்பிள்ளை. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

திங்கட்கிழமை மாவட்டக் கட்சிக் குழுவின் முதல் செயலாளர் மூவரையும் அழைத்தார். கபிதலீனா சிகரெட் இல்லாமல் வந்தார். திகோன் யெகோரிச் முன்பே அங்கே உட்கார்ந்து கைக்குட்டையை நனைத்துக்கொண்டிருந்தார். செயலாளரின் முகம் சிவந்திருந்தது. அன்று காலை அவருடைய காரின் பின்பக்கம் தரையில் உரசுவதாக ஓட்டுநர் சொல்லி, திறந்து பார்த்தால் அவருடைய மனைவி உள்ளே ஆறு மூட்டை உப்பு ஏற்றி வைத்திருந்தாள் என்பது கட்டடம் முழுக்கத் தெரிந்த செய்தி.

ஊரில் யுத்தம் வரப்போகிறது என்ற பேச்சு நடக்கிறது, இதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று செயலாளர் கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் சும்மா இருந்து பார்க்கலாம் என்று ஸவேலி மெதுவாகச் சொன்னார். திகோன் பதறிவிட்டார்.

"சும்மா இருந்தா எப்படிங்க? சும்மா இருந்து சும்மா இருந்துதான் இப்படி ஆச்சு. யுத்தம் இல்லைன்னு அடிச்சுச் சொல்லணும். கட்சியோட பேப்பர் சொன்னா யார் மறுக்கப் போறா?"

செயலாளருக்கு அது பிடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை முதல் பக்கத்தின் தலையில், கட்டம் கட்டி, அது வந்தது: பொறுப்பற்ற சிலர் பரப்பும் யுத்த வதந்திக்கு எந்த ஆதாரமும் இல்லை, குடிமக்கள் அமைதியாகத் தங்கள் பணிகளைத் தொடரலாம்.

அதுவரை ஊரில் பாதிப் பேருக்கு யுத்தத்தைப் பற்றித் தெரியாது. இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. திருமணப் பதிவகத்தில் இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். சில பெண்கள் வருடக்கணக்காகக் கேட்டும் மசியாத ஆட்கள்கூட அன்று தாங்களாகவே வந்து நின்றதாகச் சொல்வார்கள். அந்த வகையில் செம்பாதையால் நன்மையும் விளைந்தது. உப்பு வரிசையோ ரயில் நிலையத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. வந்து நின்ற ரயிலிலிருந்து இறங்கியவர்கள் காரணம் கேட்காமல் அதிலேயே சேர்ந்துகொண்டார்கள்.

செயலாளர் தொலைபேசியில் ஸவேலியிடம் நேராகப் பேசினார். கத்தவில்லை.

"சனிக்கிழமை மாகாணத்துலேர்ந்து ஆய்வுக்குழு வருது. ரயில்லதான் வர்றாங்க. அன்னிக்கு அந்த வரிசை அங்க இருந்துச்சுன்னா, திங்கட்கிழமை நீ மரம் வெட்டுற முகாம்ல சுவர்ப் பத்திரிகைக்கு எழுதிக்கிட்டு இருப்பே. போறதுக்கு முன்னாடி அறையைக் காலி பண்ணிச் சாவியைக் கபிதலீனாகிட்ட குடுத்துரு."

முகாமுக்குப் பாதை கிடையாது. உறைபனி விழுந்தபிறகு சறுக்கு வண்டியில்தான் போக முடியும். மருத்துவச்சியும் கிடையாது. இதை ரிம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் புதன்கிழமை மாலை ஸவேலி வீட்டுக்குப் போகாமல் தெருக்களைச் சுற்றினார்.

பேருந்து நிறுத்தத்தில் கண்ணாடி போட்ட நீண்ட பலகை ஒன்று உண்டு. அதில் செம்பாதையின் நான்கு பக்கங்களையும் பக்கம் பக்கமாக ஒட்டி வைப்பார்கள். ஸவேலி அங்கே ஒதுங்கி நின்றார். பலகையின் வலது ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். இடது ஓரத்தில், முதல் பக்கத்துக்கு எதிரே, ஒரு நாய் மட்டும் உட்கார்ந்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் முதல் பக்கத்தின் தலைப்பை ஓரக்கண்ணால் ஒரு தரம் பார்த்தார்கள். பிறகு நேரே நான்காம் பக்கத்துக்குப் போய் நின்று, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்கள். வானிலை, ஹாக்கி முடிவு, சினிமா நேரம், யார் இறந்தார்கள், யார் ஆட்டுக்குட்டியை விற்கிறார்கள்.

ஸவேலிக்கு முட்டைக்கோசு நினைவுக்கு வந்தது. முதல் பக்கத்தில் எழுதிய ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பிப் படித்த இதே ஜனங்கள், நான்காம் பக்கத்தில் வந்த அந்தப் பைத்தியக்காரச் செய்முறையைத் திருப்பாமல், அப்படியே, எழுத்துக்கு எழுத்து நம்பினார்கள். ஏன்? முதல் பக்கத்தை மேலிடம் எழுதுகிறது. நான்காம் பக்கத்தை ஜனங்களே எழுதுகிறார்கள். ஆட்டுக்குட்டி விற்பவனுக்குப் பொய் சொல்ல என்ன அவசியம்? வாங்க வருபவன் ஆட்டைப் பார்க்கத்தானே போகிறான்?

உண்மையை எழுதியது தவறில்லை, அதைத் தவறான பக்கத்தில் எழுதிவிட்டேன் என்று ஸவேலி நாயிடம் சொன்னார். திரும்பி அலுவலகத்துக்கு ஓடினார். விளம்பரப் பகுதியைக் கபிதலீனா படிப்பதில்லை. அரசாங்க ரகசியம் எதுவும் இல்லாவிட்டால் தணிக்கையாளரும் முத்திரை குத்திவிடுவார். வியாழக்கிழமை நான்காம் பக்கத்தில், ஒரு தையல் இயந்திரத்துக்கும் ஒரு ஜோடிப் பனிச்சறுக்குக் கட்டைக்கும் நடுவில் இது வந்தது:

"சமையல் உப்பு, நான்கு மூட்டை, பிரிக்காதது. குழந்தை வண்டிக்கு மாற்றிக்கொள்வோம். வண்டி பழையதானாலும் சரி. அவசரம். செம்பாதை ஊழியர் குடியிருப்பு, அறை எண் ஏழு."

அது எப்படி வேலை செய்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. படித்தவர்கள் முதலில் நான்கு மூட்டையைப் பார்த்தார்கள். பிறகு ஒரு பழைய வண்டிக்காக அதை விடுகிறார்கள் என்பதைப் பார்த்தார்கள். அப்புறம் 'அவசரம்' என்ற சொல்லில் வந்து நின்றார்கள். கடைசியாக முகவரி. செய்தித்தாள்காரர்கள் வீட்டிலேயே உப்பை அவசரமாகத் தள்ளிவிடுகிறார்கள் என்றால், அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. நம்மிடம் சொல்லாத ஏதோ ஒன்று.

ஸவேலி மதியம் வீட்டுக்குப் போனபோது கிளாவ்தியா கையில் செய்தித்தாளோடு அறை நடுவே நின்றிருந்தாள். அவர் திட்டு வாங்கத் தயாரானார்.

"அறை எண் ஏழு, நம்ம அறைதானே?" என்றாள்.

"ஆமா அத்தை."

"நாலு மூட்டை. நம்ம மூட்டைதானே?"

"ஆமா அத்தை. உங்ககிட்ட கேக்காம..."

அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். அவளுடைய கண்கள் மறுபடி அந்த வரிகளின்மேல் ஊர்ந்தன.

"நாலாம் பக்கத்துல வந்திருக்கு," என்றாள் தணிந்த குரலில். "நம்ம உப்பையே நாம இப்படித் தள்ளுறோம்னா, விஷயம் பெருசு." பிறகு ரிம்மாவைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டுக் கைவண்டியைக் கேட்டு வாங்கி வரச் சொன்னாள். ஊர் முழித்துக்கொள்வதற்குள் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை காலை வரிசை ரயில் நிலையத்திலிருந்து பின்வாங்கி, குளியலறையைத் தாண்டி, கடை வாசலோடு நின்றது. பத்து மணிக்கு அங்கே யாரும் இல்லை. வரிசை செம்பாதையின் விளம்பர ஜன்னலுக்கு இடம் மாறியிருந்தது. எல்லோர் கையிலும் ஒரே விளம்பரம்: உப்பு, மாற்றிக்கொள்ளத் தயார். சனிக்கிழமை நான்காம் பக்கத்தில் ஹாக்கி முடிவுக்குக்கூட இடமில்லை. ஸவேலியின் அறைக்கு ஒரே ஒருவர் குழந்தை வண்டி கொண்டுவந்தார். அதற்குள் உப்பு இருந்தது. அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்படி கெஞ்சினார். ஸவேலி எடுத்துக்கொண்டார்.

ஆய்வுக்குழு ரயிலை விட்டு இறங்கி, அமைதியான தெருக்களில் நடந்து, மூன்றாம் எண் கடையில் அடுக்கி வைத்திருந்த உப்பைப் பார்த்தது. உங்கள் மாவட்டத்தில் உப்பு தாராளமாக இருக்கிறதே என்றார் குழுத் தலைவர். முதல் செயலாளர் அடக்கமாகப் புன்னகைத்தார். மாலையில் ஸவேலியை அழைத்துக் கை குலுக்கி, குடியிருப்பில் அவருடைய அறையோடு பக்கத்துச் சாமான் அறையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். அன்றிரவே ரிம்மா ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். மருத்துவமனையில், மருத்துவச்சியோடு, விளக்கு வெளிச்சத்தில்.

திங்கட்கிழமை ஸவேலி சீட்டியடித்தபடி மேஜைக்கு முன் உட்கார்ந்திருந்தபோது திகோன் யெகோரிச் உள்ளே வந்தார். தொப்பி தலையிலேயே இருந்தது. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து ஸவேலி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கதவுக் கீல் சரியாகிவிட்டதா, அந்த விற்பனைப் பெண் வேலைக்கு வந்துவிட்டாளா என்று அன்போடு விசாரித்தார்.

திகோன் உட்காரவில்லை. அவருடைய பார்வையில் மனத்தாங்கல் இருந்தது.

"இன்னும் ரெண்டே ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா ஸவேலி குஸ்மிச்? ஆறு வருஷமா ஒரு மூட்டை நகராம கல்லாப் போய்க் கெடந்த சரக்கு. கிடங்கையே கூட்டிப் பெருக்கியிருப்பேன். சரி, போனது போகட்டும், இப்ப ரப்பர் செருப்பு ஒரு மலை கெடக்குது, எல்லாமே இடது கால்: நாளைக்குப் பேப்பர்ல, முதல் பக்கத்துல, ஊர்ல ரப்பர் செருப்பு தாராளமா இருக்குன்னு நாலே வரி போடுங்க, போதும்."